பெரிய கட்சியின் மசோதா, சிறிய கட்சியின் வாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்றத்தில் சர்ச்சைக்குரிய மசோதா ஒன்று நிறைவேறும்போதெல்லாம், அதைக் கொண்டுவந்த கட்சியைவிட, அதற்குக் கைகொடுத்த அல்லது கைவிரித்த சிறிய கட்சிகளைப் பற்றியே தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மக்களவை, மாநிலங்களவை ஆகிய இரண்டை மட்டுமே இந்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறது.

'சிறிய கட்சி' என்று எதைச் சொல்கிறீர்கள்?

தனித்து மத்தியில் ஆட்சி அமைக்கும் வாய்ப்பில்லாத எல்லாக் கட்சிகளையும் இங்கே அப்படிக் குறிப்பிடுகிறோம். 2014இல் மக்களவையில் 37 இடங்களை வென்ற அதிமுகவும், 2024இல் 22 இடங்களைப் பெற்ற திமுகவும் தத்தம் மாநிலத்தில் பெரிய கட்சிகள்தான். ஆயினும் டெல்லிக் கணக்கில் அவை இந்த வரிசையிலேயே வருகின்றன. ஒரே ஓர் உறுப்பினரை வைத்திருக்கும் கட்சியும் இதே வரிசைதான். 'லெட்டர்பேட் கட்சி' என்று கேலி செய்யப்படுபவற்றுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை, ஏனெனில் அவற்றுக்கு அவையில் வாக்கே கிடையாது.

அரசுக்கு மக்களவையில் பெரும்பான்மை இருக்கும்போது சிறிய கட்சிகளின் வாக்கு எதற்கு?

பண மசோதா தவிர்த்த எந்த மசோதாவும் இரண்டு அவைகளிலும் நிறைவேற வேண்டும். பாரதிய ஜனதா கட்சி 2014இல் 282, 2019இல் 303 இடங்களை மக்களவையில் வென்றது; ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூட மாநிலங்களவையில் தனிப்பெரும்பான்மையை எட்டவில்லை. அங்கே முக்கியமான மசோதா ஒவ்வொன்றுக்கும் பிஜு ஜனதா தளம், ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், தெலுங்கு தேசம், அதிமுக போன்ற கட்சிகளின் கை தேவைப்பட்டது. 2023 ஆகஸ்டில் டெல்லி அரசு அதிகாரிகள் மீதான அதிகாரம் குறித்த மசோதா 131–102 என்ற கணக்கில் மாநிலங்களவையைக் கடந்தபோது, பிஜு ஜனதா தளமும் ஒய்எஸ்ஆர் காங்கிரசும், கூட்டணியில் இல்லாமலேயே, அரசுக்கு வாக்களித்தன.

2024க்குப் பிறகு நிலைமை மக்களவையிலும் மாறிவிட்டது. 240 இடங்களோடு நின்ற பாஜக, பெரும்பான்மைக்கு வேண்டிய 272ஐத் தாண்டுவதற்குத் தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளின் இடங்களை நம்பியே ஆட்சி அமைத்தது. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288–232 என நிறைவேறியதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வித்தியாசம் 56. மேற்சொன்ன இரு கட்சிகளின் மொத்த பலம் 28, அதாவது 56இல் சரிபாதி. அனைவரும் அவையில் இருந்ததாகக் கொண்டு, அந்த 28 பேரும் பக்கம் மாறியிருந்தால் 260–260 என்று சமநிலை ஏற்பட்டு, அவைத் தலைவர் தமது முடிவு வாக்கைச் செலுத்த வேண்டிய நிலை வந்திருக்கும்.

எதிர்த்து வாக்களிப்பது, வாக்களிக்காமல் இருப்பது, வெளிநடப்பு செய்வது: மூன்றும் எதிர்ப்புதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படிக்கலாம்.

சாதாரண மசோதா ஒன்று நிறைவேற, அவையில் இருந்து வாக்களிப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆதரித்தால் போதும். எழுந்து வெளியே போனவரும், இருக்கையில் அமர்ந்தபடி மஞ்சள் பொத்தானை அழுத்தி விலகி நின்றவரும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். எனவே, எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்யும் கட்சி, எதிர்த்தரப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. அரசு தாண்ட வேண்டிய உயரத்தைக் குறைத்துக் கொடுக்கிறது.

2019 ஜூலை 30ஆம் தேதி முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99–84 என நிறைவேறியது. அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் மசோதாவை எதிர்ப்பதாக அறிவித்து வெளிநடப்பு செய்தன. வித்தியாசம் 15, அவ்விரு கட்சிகளின் கூட்டு பலம் அதைத் தாண்டும். அவர்கள் உள்ளே இருந்து 'இல்லை' என்று வாக்களித்திருந்தால் மசோதா அன்று தோற்றிருக்கும். இதற்குச் சில நாட்கள் முன்புதான் மக்களவையில் அதே அதிமுகவின் ஒரே உறுப்பினர் அதே மசோதாவை ஆதரித்திருந்தார். ஒரே கட்சி ஒரே மசோதாவுக்கு ஓர் அவையில் ஆதரவும் மற்றொன்றில் எதிர்ப்பும் தெரிவித்ததைத் தமிழக நாளிதழ்கள் அப்போது வியப்போடு எழுதின.

அந்த ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125–105 என நிறைவேறியது. அதிமுகவும் அதன் கூட்டணியிலிருந்த பாமகவும் இம்முறை வெளிநடப்பும் செய்யவில்லை, ஆதரித்தே வாக்களித்தன. அந்த வாக்குகள்தான் சட்டத்தைக் காப்பாற்றின என்று திமுக தேர்தலுக்குத் தேர்தல் சொல்லிவந்தது. கட்சிப் பிரசாரம் என்று ஒதுக்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 11 வாக்குகள் எதிர்ப்பக்கம் மாறினால் 114–116, மசோதா தோற்கிறது. அதே 11 பேர் வெளிநடப்பு மட்டும் செய்திருந்தால் 114–105. மசோதா அப்போதும் நிறைவேறுகிறது. ஆகவே, 'குறைந்தபட்சம் வெளிநடப்பாவது செய்திருக்கலாமே' என்று பிற்பாடு எழுந்த அங்கலாய்ப்பு, மனநிறைவைத் தந்திருக்குமே தவிர முடிவை மாற்றியிருக்காது. 2021 சட்டமன்றத் தேர்தல் அறிக்கையில் அதே அதிமுக, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவதாக வாக்குறுதி அளித்தது தனிக்கதை.

இது ஒரு கட்சிக்கோ ஒரு காலத்துக்கோ உரிய பழக்கமும் அன்று. 2012 டிசம்பரில், சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை அனுமதிப்பதற்கு எதிராக எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த தீர்மானம் மக்களவையில் 218–253 எனத் தோற்றது. இது மசோதா அன்று, தீர்மானம்தான். ஆயினும் பாடம் ஒன்றே. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அந்நிய முதலீட்டை அவையிலேயே கண்டித்துப் பேசிவிட்டு வெளியேறின. இரண்டுக்கும் சேர்த்து 43 உறுப்பினர்கள். தீர்மானத்துக்கு அந்த 43ஐயும் சேர்த்தால் 261. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் வெளிநடப்பு மட்டும் போதாது என்ற நிலை வந்தபோது, பகுஜன் சமாஜ் அவையிலேயே இருந்து அரசுக்கு வாக்களித்தது. அங்கே தீர்மானம் 109–123 எனத் தோற்றது. வித்தியாசம் 14, அக்கட்சியின் மாநிலங்களவை பலம் 15. எங்கே வெளியே போனால் போதும், எங்கே உள்ளே இருந்தாக வேண்டும் என்பதை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருக்கிறார்கள் என்று வியக்கத்தான் தோன்றுகிறது.

அரசியல் சட்டத் திருத்தத்திலும் இதே கணக்குதானா?

அங்கே இரட்டைப் பூட்டு உண்டு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஆதரிக்க வேண்டும். இரண்டாவது பூட்டில்தான் சிறிய கட்சிகளின் கை வலுக்கிறது.

1969இல் காங்கிரஸ் பிளவுபட்ட பின் இந்திரா காந்தியின் அரசு திமுக, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஆதரவோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தது. முன்னாள் மன்னர்களுக்கான மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையைக் கடந்து, 1970 செப்டம்பர் 5ஆம் தேதி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தவர்கள் 224 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா வீழ்ந்தது. எதிர்த்த 75 பேரில் ஒரே ஒருவர் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தால், வாக்களித்தோர் 223 ஆகி, தேவை 148.67 ஆகக் குறைந்து, அதே 149 வாக்குகளே போதுமானதாகியிருக்கும். மானியம் கடைசியில் 1971இல் 26ஆவது திருத்தத்தின் வழியாகவே ஒழிந்தது.

2016 ஆகஸ்டில் சரக்கு மற்றும் சேவை வரிக்கான திருத்தம் மாநிலங்களவையில் 203–0 என நிறைவேறியபோது, தமிழ்நாட்டின் வருவாய் பாதிக்கப்படும் என்று எதிர்த்துவந்த அதிமுக வெளிநடப்பு செய்தது. சில நாட்களில் மக்களவையிலும் 443–0 என்று அதே காட்சி அரங்கேறியது. உண்மையைச் சொல்வதானால், அதிமுக முழு பலத்தோடு எதிர்த்திருந்தாலும் அந்த மசோதா நின்றிருக்காது. ஆனால் பதிவேட்டில் எதிர்ப்பின் கீழ் பூஜ்யம் என்று எழுதப்பட்டிருக்காது.

'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா இதற்கு மறுபக்கம். 2024 டிசம்பர் 17ஆம் தேதி மக்களவையில் அதை அறிமுகம் செய்வதற்கே வாக்கெடுப்பு நடந்தது. மின்னணுப் பலகை காட்டிய எண்ணிக்கையோடு முடியாமல், சீட்டுகளில் பதிவான வாக்குகளும் சேர்க்கப்பட்டு 269–198 என்று அறிவிக்கப்பட்டது. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அன்று வாக்களித்த 467 பேரில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 312 தேவை. அந்த 43 வாக்குப் பள்ளத்தைக் கூட்டணிக் கட்சிகளை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. மசோதா கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

கட்சி எடுத்த முடிவை மீறி ஓர் உறுப்பினர் வாக்களிக்கலாமா?

கொறடா உத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தால் முடியாது. கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, உத்தரவை மீறி வாக்களிப்பவரும், வாக்களிக்காமல் விலகுபவரும் பதவியை இழக்கலாம்; பதினைந்து நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் மட்டும் தப்பலாம். இச்சட்டத்தை 1992இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் இதன் பொருள், 20 பேர் கொண்ட கட்சியின் வாக்கை முடிவு செய்வது 20 பேர் அல்ல, பெரும்பாலும் தலைமையில் இருக்கும் ஒருவர் என்பதே. பெரிய கட்சி பேச வேண்டியதும் அந்த ஒருவரோடுதான்.

கொறடா உத்தரவே பிறப்பிக்காமல் விடுவதும் ஓர் உத்திதான். வக்ஃப் மசோதாவை எதிர்ப்பதாகச் சொல்லிவந்த பிஜு ஜனதா தளம், மாநிலங்களவையில் வாக்கெடுப்பு நடப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று அறிவித்தது. கட்சியின் எதிர்ப்பும் அப்படியே இருந்தது, அரசுக்கு வேண்டிய வாக்கும் ஓரளவு கிடைத்தது.

கூட்டணித் தலைமைக் கட்சியின் சின்னத்தில் வென்ற சிறிய கட்சி தனித்து வாக்களிக்க முடியுமா?

முடியாது. தமிழ்நாட்டு வாசகர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. 2019 மக்களவைத் தேர்தலில் மதிமுக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, இந்திய ஜனநாயகக் கட்சி ஆகியவற்றின் வேட்பாளர்களும், விசிகவின் இரு வேட்பாளர்களில் விழுப்புரத்தில் நின்றவரும் உதயசூரியன் சின்னத்தில் வென்றார்கள். மேடையில் அவர்கள் தத்தம் கட்சிக்காரர்கள். அவைப் பதிவேட்டில் திமுக உறுப்பினர்கள். திமுகவின் கொறடா உத்தரவு அவர்களையும் கட்டுப்படுத்தும். அதே தேர்தலில் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று வென்ற தொல். திருமாவளவனுக்கு அந்தக் கட்டு இல்லை. 2024இல் விசிக இரு தொகுதிகளிலும் பானையிலும், மதிமுக திருச்சியில் தீப்பெட்டியிலும் போட்டியிட்டு வென்றன. நாமக்கல்லில் கொங்குநாடு கட்சி உதயசூரியனிலேயே நின்றது. 'எங்களுக்குத் தனிச்சின்னம் வேண்டும்' என்று தொகுதிப் பங்கீட்டின்போது நடக்கும் இழுபறி வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைப்பவர்கள், ஐந்தாண்டுக்கான வாக்குரிமையும் அந்தச் சின்னத்தோடுதான் போகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

ஆதரவுக்கு ஈடாகச் சிறிய கட்சிகள் எதைப் பெறுகின்றன?

சில நேரம் மசோதாவிலேயே மாற்றம். வக்ஃப் மசோதா கூட்டுக் குழுவில் இருந்தபோது தெலுங்கு தேசம் முன்வைத்த திருத்தங்கள் ஏற்கப்பட்டன: நெடுங்காலப் பயன்பாட்டால் வக்ஃபாகி, ஏற்கெனவே பதிவும் செய்யப்பட்ட சொத்துகளைப் பொதுவாகத் தொடுவதில்லை என்பதும், அரசு நிலமா இல்லையா என்ற விசாரணையை மாவட்ட ஆட்சியருக்கு மேற்பட்ட நிலையிலுள்ள அதிகாரியிடம் விடுவதும் அவற்றில் அடங்கும். மசோதாவின் அடிப்படையை இவை மாற்றவில்லை என்பது எதிர்ப்பவர்களின் வாதம். எப்படியாயினும், அவைக்கு வருவதற்கு முன்பே குழு அறையில் பேசி வாங்குவதுதான் சிறிய கட்சிக்குப் பலன் தரும் வழி. அவையில் கட்சி பலத்துக்கேற்பப் பிரித்துத் தரப்படும் ஓரிரு நிமிடப் பேச்சில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடிவதில்லை.

சில நேரம் கிடைப்பது கூட்டணி நீடிப்பு மட்டுமே. 2012 வாக்கெடுப்பில், 18 மக்களவை உறுப்பினர்களை வைத்திருந்த திமுக, அந்நிய முதலீட்டில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அரசைக் காப்பாற்ற வாக்களித்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இலங்கைத் தமிழர் பிரச்சினையில் அதே கூட்டணியை விட்டு வெளியேறியது.

ஆதரித்த சட்டம் ஆதரித்தவர் மீதே பாய்வதும் உண்டு. பொடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றிய தேசிய ஜனநாயகக் கூட்டணியில் 2002இல் மதிமுகவும் இருந்தது. மார்ச்சில் நிறைவேறிய அச்சட்டத்தின் கீழ் ஜூலையில், விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதாக, வைகோவைத் தமிழ்நாடு அரசு கைது செய்தது. மக்களவை உறுப்பினரான அவர் ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார்.

தோற்பது உறுதி என்று தெரிந்தும் ஒன்றிரண்டு பேர் எதிர்த்து வாக்களிப்பதில் என்ன பயன்?

2010 மார்ச் 9ஆம் தேதி பெண்களுக்கான இடஒதுக்கீட்டு மசோதா மாநிலங்களவையில் 186–1 என நிறைவேறியது. அந்த ஒன்று மகாராஷ்டிர விவசாயிகள் தலைவர் சரத் ஜோஷியின் வாக்கு. 2023 செப்டம்பரில் புதிய வடிவில் அது மக்களவையில் 454–2 என நிறைவேறியபோது, முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு உள்ஒதுக்கீடு இல்லை என்று ஒவைசியின் கட்சியைச் சேர்ந்த இருவர் எதிர்த்தார்கள். அவர்கள் நிலைப்பாடு சரியா தவறா என்பது வேறு. ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. 2010இல் வெளிநடப்பு செய்த கட்சிகளின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அப்படி ஒரு பதிவு இல்லை.

சிறிய கட்சிகளின் வாக்கைத் தேவையற்றதாக்க அரசுக்கு வழிகள் உண்டா?

உண்டு. மசோதாவைப் பண மசோதா என்று சபாநாயகர் சான்றளித்துவிட்டால் மாநிலங்களவை பரிந்துரை மட்டுமே செய்யலாம். 2016இல் ஆதார் மசோதாவுக்கு மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றே நிராகரித்தது. மற்றொன்று கூட்டுக் கூட்டம். மேலே சொன்ன பொடா மசோதாவை மாநிலங்களவை 98–113 எனத் தோற்கடித்த பின், இரு அவைகளையும் ஒன்றாக அமர்த்தி 425–296 என நிறைவேற்றினார்கள். குடியரசின் வரலாற்றில் ஒரு மசோதாவுக்காக இப்படிக் கூட்டுக் கூட்டம் நடந்தது மூன்று முறைதான்: 1961, 1978, 2002. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இந்த வழி இல்லை.

மூன்றாவது, வாக்குகளை எண்ணாமலேயே விடுவது. 2020 செப்டம்பர் 20ஆம் தேதி வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டன. தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய திமுகவின் திருச்சி சிவா உள்ளிட்டோர் கேட்ட எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு, உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எண்ணியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதை இனி எவராலும் நிறுவ முடியாது. சிறிய கட்சிகள் பலவற்றுக்கு அது வசதியாகவும் போயிற்று என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதும் குரல் வாக்கில்தான்.

என் தொகுதி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை எங்கே பார்க்கலாம்?

எண்ணி எடுக்கப்பட்ட வாக்கெடுப்பு என்றால், அவையின் இணையதளத்தில் அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'ஆம்', 'இல்லை' என்ற தலைப்புகளின் கீழ் பெயர்ப் பட்டியல் இருக்கும். குரல் வாக்கெடுப்புக்குப் பெயர்கள் கிடையாது. 'மசோதா நிறைவேறியது' என்ற ஒரு வரிதான் இருக்கும். பட்டியலைப் பார்க்கும்போது இரண்டு தலைப்புகளிலும் இல்லாத பெயர்களையும் தேட வேண்டும். ஊருக்குப் போயிருந்தவரும், உடல்நலமில்லாதவரும், வெளிநடப்பு செய்தவரும் அங்கே ஒரே மாதிரிதான் காணாமல் போயிருப்பார்கள். வெளிநடப்பா என்பதை உறுதி செய்ய, வாக்கெடுப்புக்குச் சற்று முந்தைய பக்கங்களைப் புரட்ட வேண்டும்; கட்சிப் பெயரோ உறுப்பினர் பெயரோ குறிப்பிட்டு, அவர்கள் அவையை விட்டு வெளியேறியதாகச் சிறு குறிப்பு ஒன்று அடைப்புக்குறிக்குள் அங்கே இருக்கும்.